அரைக்கறப்பத் தெறிச்சுது

ஏனுங்கக்கா, சித்தே தள்ளி உக்காருங். காலைலருந்து நின்னுக்கிட்டே இருக்கறனுங், முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. அந்தப் பைய எடுத்து மடில வெச்சுக்கங். ஆங், அது போதும். நான் ஒண்ணும் அவ்வளவு குண்டில்லீங்.

உங்களுக்கு ஆருங்க உள்ள? மாமியாருங்களா? கண்ணுல பொரைன்னா பயமே இல்லீங். எங்க சித்தப்பனுக்கு உரிச்சு உட்டாங்க, மக்யாநாளே ஊரெல்லாம் சுத்தி வந்து எல்லாத்தையும் குத்தஞ் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.

எனக்கு ஊட்டுக்காரிங். வசந்தாமணின்னு பேரு. கண்ணுல மொளகா போயிருச்சு. அம்மில அரைக்கறப்பத் தெறிச்சிருச்சுங். ஆமாங், ரெண்டு கண்ணுலயுந்தான். எப்படின்னா, குனிஞ்சு அரைச்சிருப்பா. பொம்பளைக குனிஞ்சுதானுங்க அரைப்பாங்க. நேத்து மத்தியானம் ஆச்சு. தானாச் செரியாப் போயிரும்னு பாத்தேன், காலைல பாத்தா ரெண்டு எமையும் வீங்கி ஒட்டிக்கிச்சு. பஞ்சர் கடை ஷெரீப்புதான் சத்தம் போட்டு ஆட்டோவக் கொண்டாந்து நிறுத்துனான். அவனுக்கு எப்பவும் அடுத்தவன் ஊட்டு சமாச்சாரத்துலதான் மூக்கு.

இப்ப என்னடான்னா, அந்த டாக்டரம்மா என்னைய வெளிய போகச் சொல்லிருச்சு. "நீங்க போய் உக்காருங்க, அவங்ககிட்டத் தனியாப் பேசணும்"னு. புருசன் இல்லாம தனியா என்னங்க பேச்சு? எனக்கு அதுதான் நெஞ்சுல குறுகுறுன்னு இருக்குது. ஆட்டோல வர்றப்பவே சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கறேன். "அம்மில அரைக்கறப்பத் தெறிச்சுதுன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வாயில வந்துச்சுன்னா போலீசு, கேசு, கோர்ட்டுன்னு ரெண்டு பேரும் நாறிப் போயிருவோம்"னு. தலைய ஆட்டுனாளா இல்லையான்னு தெரியலைங், மூஞ்சியில ஈரத்துணியப் போட்டிருந்தா. சொல்லிருவா. போன வருசம் கையி ஒடிஞ்சப்பவும் இதே ஆஸ்பத்திரிதானுங். "வழுக்கி உழுந்துட்டேன்"னு எத்தனை அழகாச் சொன்னா தெரியுங்களா? நானே நம்பிட்டேன்.

அப்படிப் பாக்காதீங்கக்கா. தெறிச்சதுதானுங்.

என்ன தொழிலுங்கறீங்களா? மாடு ஏத்தறதுங். சந்தைல மாட்டை வாங்கறது ஏவாரி ரங்கராசு. துண்டுக்குள்ள கைய உட்டு விரலைப் புடிச்சு வெலை பேசி முடிச்சாருன்னா அவரு வேலை தீந்துது. அதுக்கு மேல மாடு என்ற பொறுப்பு. லாரில ஏத்தி, கட்டி, அடிவாரம் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் எறக்கறவரைக்கும் ஒண்ணுகூட உழுகக் கூடாது. நாச்சிமுத்து ஏத்துனா மாடு உழுகாதுன்னு சந்தைல பேரு. நீங்க ஆரை வேணாலும் கேட்டுப் பாருங்.

லேசுப்பட்ட வேலைன்னு நெனைக்காதீங். பலகையப் போட்டு ஏறுன்னா ஏறுமுங்களா? வாலை முறுக்கோணும். சும்மா முறுக்குனா திரும்பி நம்மளைப் பாக்கும். உள்ள எலும்பு நொறுக்குங்கோணும், அப்பத்தான் முன்னால பாயும். ஏறுன பொறவு மூக்கணாங்கவுத்தை மேல் கம்பில கட்டையா இழுத்துக் கட்டோணும், தலையத் தாழ்த்தாத மாதிரி. மூக்குல ரத்தம் வருமுங். வந்தா என்ன, நின்னுரும். ஏழெட்டு மாடு நிக்கற வண்டில இருவத்தஞ்சு ஏத்தறோம். அதுல ஒண்ணு தலையத் தாழ்த்தி மடங்கிப் படுத்துச்சுன்னா மத்ததுக மிதிச்சே கொன்னு போடும். கொடலு வெளிய வந்து கெடக்கும். நான் பாத்திருக்கறேன். அதுக்கோசரந்தானுங்க படுக்க உடறதில்லை. சொல்லப்போனா நான் மாட்டைக் காப்பாத்தறவன்.

அப்படியும் சிலது படுத்துருமுங். வேணும்னே படுக்கும். அதுக்குத்தான் மொளகா. இந்தச் சட்டினிக்குப் போடற மொளகா இல்லீங், சின்னதா ஊசியாட்டம் இருக்குமே, காந்தாரி. அதோட பொகையிலை, கல்லுப்பு. அம்மில வெச்சு அரைச்சு ஒரு கொட்டாங்குச்சில எடுத்துக்குவேன். படுத்த மாட்டோட எமைய ரெண்டு விரல்ல விரிச்சு உள்ள ஒரு இழுப்பு. அவ்வளவுதான். எந்திரிச்சு நின்னு கத்தும். கத்தட்டும், கத்தற மாட்டுக்கு உசுரு இருக்குதுன்னு அர்த்தம்.

எரியாதாங்கறீங்களா? எரியாம! நானே ஒருக்கா கை கழுவாம மறந்துபோய்க் கண்ணைக் கசக்கிட்டனுங். ஐயோ, அன்னைக்கு நான் பட்ட பாடு! தலைய செவுத்துல முட்டிக்கிட்டேன். தொட்டித் தண்ணிக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவதான் என்ற தலைய மடில வெச்சு, பொழுது சாயற வரைக்கும் துணிய நனைச்சு நனைச்சு ஒத்தி உட்டா. அன்னைக்கு அவ டீக்கடையக்கூடத் தொறக்கலை. நல்லவதானுங் அவ. நல்லவ இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? புத்திதான் கெட்டுப்போச்சு, இந்தச் சித்திரைக்குப் பொறவு.

எங்க ஊடு அடிவாரத்துலயே, ரோட்டோரமா. முன்னால அவ டீக்கடை வெச்சிருக்கறா. செக்போஸ்டுக்கு முன்னால லாரியெல்லாம் அங்கதான் நிக்கும். டிரைவருக டீ குடிப்பாங்க, இட்டிலி திம்பாங்க. அந்த மொளகாய அவதான் எனக்கு அரைச்சுக் குடுப்பா. கண்ணாலமாகி வந்ததுலருந்து அரைக்கறா. மாட்டுக்குப் பூச்சி மருந்துன்னு சொல்லி வெச்சிருந்தனுங். பொம்பளைகளுக்கு எதுக்கு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு? அவளும், "ஏனுங், பாவம் வாயில்லா சீவன், பூச்சி நிக்கோணும்"னு நல்லா நைசா அரைச்சுக் குடுப்பா. அவ கைப்பக்குவம் மத்தவங்களுக்கு வராது.

சித்திரைல ஒருநா உச்சி வெயில்ல வண்டி நின்னுக்கிட்டிருந்துது. நான் டிரைவரோட டீ குடிச்சுக்கிட்டிருக்கறேன். இவ என்ன பண்ணுனா, கொடத்துல தண்ணிய எடுத்துக்கிட்டு லாரி மேல ஏறிட்டா. மாடு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதாமாம். உள்ள ஒரு செவலை. நான் அப்பத்தான் வெச்சு உட்டிருந்தேன். கண்ணு ரெண்டும் செவசெவன்னு வெளிய பிதுங்கி, தண்ணி கொட்டிக்கிட்டு, தலைய ஆட்டக்கூட முடியாமக் கவுத்துல தொங்குது. இவ கைல தண்ணிய அள்ளி அதோட கண்ணுல அடிச்சிருக்கறா. அடிச்ச கையில மொளகா வெதை ஒட்டிருச்சு. மோந்து பாத்திருக்கறா.

அரைச்ச கைக்குத் தெரியாதுங்களா என்ன அரைச்சோம்னு?

எறங்கி வந்தா. டீக்கடைல அத்தனை பேரு முன்னால, "இதுக்குத்தான் நான் அரைச்சனா?"ன்னு கேட்டா. கத்தலீங், மெதுவாத்தான் கேட்டா. டிரைவரு சிரிச்சுட்டான். எனக்கு மானம் போச்சு. உட்டேன் ஒண்ணு செவுள்ல. டீ டம்ளரெல்லாம் உருண்டு போச்சு. எந்திரிச்சா, நேரா ஊட்டுக்குள்ள போனா, அம்மிக் குழவியத் தூக்குனா. நான் என்ற மேல போடத்தான் வர்றான்னு ரெண்டடி பின்னால போயிட்டேன். அவ என்னையத் தாண்டிப் போயி கெணத்துல போட்டுட்டாளுங். பொதக்குனு சத்தம். "இனி இந்த ஊட்டுல மொளகா அரைக்கறதில்லை"ன்னு சொல்லிட்டு, கடைல போயி நின்னு டீ ஆத்தறா, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

என்னங்க? ஆங்?

குழவி கெணத்துல கெடக்குதுன்னா நேத்து எப்படி அரைச்சாங்கறீங்களா?

அது... மிக்சி இருக்குதுங். மிக்சில... மிக்சின்னாலும் மூடியத் தொறக்கறப்பத் தெறிக்குமல்லங்களா? அட, நீங்க ஒரு ஆளுங்கக்கா. இப்படியெல்லாம் கேள்வி கேட்டா அந்த டாக்டரம்மாவ விட மோசமா இருக்கறீங்களே. சரி, இதை ஆரும் இதுவரைக்கும் கேக்கலை. அவளுக்கு வேற சொல்லிக் குடுத்தது அம்மின்னுதான். ஐயோ, குழவிய மறந்தே போயிட்டேன் பாருங். ரோட்டுல அத்தனை பேருக்கும் தெரியும் அது கெணத்துல கெடக்கறது.

உங்ககிட்ட மறைச்சு என்னாகப் போகுது. நீங்க ஆரோ, நான் ஆரோ. இந்தப் பெஞ்சை உட்டு எந்திரிச்சா அவங்கவங்க வழி. முழுசாக் கேளுங், அப்பத் தெரியும் என்ற மேல தப்பு இருக்குதா இல்லையான்னு.

குழவியப் போட்டதோட நின்னாளா? இல்லீங். ஒரு டிரம்மைப் பாதியா அறுத்துக் கடை முன்னால வெச்சா, தண்ணி ரொப்பி. வர்ற லாரிக்காரங்ககிட்டயெல்லாம், "மாட்டுக்கு மொதல்ல தண்ணி காட்டுங், பொறவு டீ போடறேன்"ங்கறா. டீக்கடைக்காரி சட்டம் பேசறா! சிலரு திட்டிட்டுப் போனாங்க. சிலரு, நம்புங்கக்கா, காட்டுனாங்க! வாளில மோந்து மோந்து மேல குடுக்கறாங்க. இவ மொதல் மருவாதியா அவங்களுக்கு இஞ்சி டீ போட்டுக் குடுக்கறா. தண்ணி குடிச்ச மாட்டைப் பாத்தா இவ மூஞ்சில ஒரு சிரிப்பு வருமுங். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். என்னையப் பாத்து அப்படி ஒரு நாளாச்சும் சிரிச்சிருப்பாளா?

அவ கறி திங்காத பொம்பளைன்னு நெனைக்காதீங். ஞாயித்துக்கெழமையானா ஆட்டுக்கறி இல்லாம அவளுக்குச் சோறு எறங்காது. அதைச் சொல்லித்தான் கேட்டேன், திங்கறவளுக்கு என்னடி கருணைன்னு. "கொல்றது வேற, கொல்ற வரைக்கும் நோகடிக்கறது வேற. நான் கொல்றதைக் கேக்கலை, வழியில பண்றதைக் கேக்கறேன்"ங்கறா. வக்கீலு! அன்னைக்கு வெறகுக்கட்டைல வெச்சேன். ஒரு வாரம் கையத் தூக்க முடியலை. எடது கைல டீ ஆத்துனா.

அவ மட்டும்னா நான் சமாளிச்சிருப்பேன். இந்த ஷெரீப்பு இருக்கறானே, அவனுக்கும் ஒட்டிக்கிச்சு. "தண்ணி காட்டுன பொறவுதான் ஜாக்கி போடுவேன்"னு டிரைவருககிட்டச் சொல்றான். "உனக்கு என்னடா வந்துச்சு?"ன்னு கேட்டேன். "நாளைக்கு அறுக்கப்போற உசுரைக்கூட இன்னைக்குத் தண்ணி காட்டித்தான் அறுக்கோணும்னு எங்க வாப்பா சொல்லுவாரு. அண்ணி பண்றதைப் பாத்துத்தான் நாவகம் வந்துச்சு"ங்கறான். அப்பறம் மண்டிக்குப் போற காய்கறி வண்டிக்காரன் முட்டைக்கோசு எலைய அங்க எறக்கிட்டுப் போறான். காலேசுக்குப் போற புள்ளைக ஸ்கூட்டிய நிறுத்தி, வண்டி நெம்பரு தெரியற மாதிரி போட்டோ எடுக்குதுக. கவருமெண்டு பஸ் கண்டக்டரு ஒருத்தரு, பஸ்சை நிறுத்தி எறங்கி வந்து, "ஏப்பா, இதுல எத்தனை உருப்படி ஏத்தலாம்னு உனக்குத் தெரியாதா?"ன்னு என்னையக் கேக்கறாரு. பஸ்சு நெறைய சனம், சன்னல்ல தலைய நீட்டிக்கிட்டு என்னைய வேடிக்கை பாக்குது.

ஒருத்தின்னா அடிச்சுப் படிய வெக்கலாமுங். ரோட்டையே எப்படி அடிக்கறது, சொல்லுங்?

ஆடில ஆரோ போலீசுக்குப் போன் பண்ணிட்டாங்க. ஆருன்னு தெரியலை. இவதான்னு நான் நெனைக்கறேன். கேட்டா இல்லைன்னு சொல்லலை, ஆமான்னும் சொல்லலை. போலீசு வந்து வண்டியப் புடிச்சு, மாட்டையெல்லாம் எறக்கிட்டாங்க. எறக்கறப்பவே ரெண்டு உருப்படி செத்துக் கெடந்துது. ஒண்ணு மூக்கு கிழிஞ்சு தொங்குது. அதையெல்லாம் வரிசையாப் படுக்க வெச்சு, எங்க ஊட்டுக்கு முன்னால... ஊரே பாத்துதுங். இவ ஒவ்வொண்ணுக்கா வாளியத் தூக்கிக்கிட்டு ஓடறா. கண்ணு தெரியாத ஒண்ணுக்குக் கையில வாங்கி வாயில ஊட்டறா.

அடுத்த சந்தைல ரங்கராசு என்னையக் கூப்புட்டாரு. "உன்ற பொண்டாட்டியவே அடக்கத் தெரியலை, நீ என்ன மயித்துக்கு மாட்டை அடக்கறே?"ன்னாரு. சொல்லிட்டு, மாட்டுச் சாட்டையாலயே வெச்சாரு. சந்தை நடுவுல. எத்தனை பேரு இருந்தாங்க தெரியுங்களா? எனக்குக் கீழ வேலை பாக்கறவனெல்லாம் பல்லைக் காட்டறான். ஒருத்தன் குறுக்க வந்து புடிக்கலீங். ஒரு மனுசனை இப்படிப் போட்டு அடிக்கறாங்களே, ஒருத்தனுக்காச்சும் மனசாட்சி இருந்துதா? ரத்தம் சட்டையெல்லாம். மனுசனுக்கு எரக்கமே இல்லாமப் போச்சுங்கக்கா இந்தக் காலத்துல.

ஊட்டுக்கு வந்தேன். பொறவு என்ன, வந்தேன்னுதான் வெச்சுக்கங். அவளுக்குப் பல்லு ரெண்டு போச்சு.

அப்பவாச்சும் அடங்கோணுமில்லீங்களா? வாயை மூடிக்கிட்டா, அதென்னவோ நெசந்தான். என்னோட பேசறதை நிறுத்திட்டா. ஆனாப் பாருங், டிரம்முல தண்ணி மட்டும் கொறையாது. நான் கவுத்து உடுவேன். கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா ரொம்பி நிக்கும்.

நேத்து நடந்தது இதுதானுங். ரங்கராசு எனக்கு ஒரு தடவை மன்னிச்சு வண்டி குடுத்தாரு. "இதுல ஒரு உருப்படி உழுந்தாலும் உன்னைய அந்தப் பக்கத்துல மாட்டோட எறக்கிருவேன்"னு சொல்லித்தான் குடுத்தாரு. நிக்காமப் போயிரலாம்னு பாத்தோம், செக்போஸ்டுல வரிசை, எங்க ஊட்டுக்கு முன்னாலயே வந்து நின்னு போச்சு. உள்ள ஒரு காரி எருது, கிழடு. முன்னங்கால் ஒடிஞ்சு எலும்பு வெளிய தெரிய, மடங்கிக் கெடக்குது. மத்ததுக அது மேல மிதிக்குது. நான் கொட்டாங்குச்சிய எடுத்துக்கிட்டு ஏறுனேன். இப்ப சந்தைலயே ஒரு கெழவிகிட்டக் கொடுத்து அரைச்சு வாங்கிக்கறது. அவ்வளவு நைசு இல்லீங், வெதையும் உப்புக்கல்லுமா திப்பிதிப்பியா இருக்கும்.

பின்னாலயே இவ ஏறிட்டா. அந்த நெரிசலுக்குள்ள, மாட்டுக்கு நடுவுல, கொம்பு குத்துனதுல ஜாக்கெட்டு கிழிஞ்சு போச்சு, அதையும் பாக்கலை. போயி அந்த எருது தலைய எடுத்து மடில வெச்சுக்கிட்டு, ரெண்டு உள்ளங்கையாலயும் அதோட கண்ணைப் பொத்திக்கிட்டா.

"எந்திரிடி"ன்னேன். அத்தனை மாசங்கழிச்சு அப்பத்தான் பேசுனா. "இதுக்குக் காலு ஒடிஞ்சிருக்குதுங், நீங்க என்ன வெச்சாலும் இது எந்திரிக்காது. எறக்குங்"னா. கையப் புடிச்சு இழுத்தேன். எடுக்கலை. மிதிச்சேன். எடுக்கலை. கீழ டிரைவரு, "என்னண்ணே, வரிசை நகருது, புருசனும் பொண்டாட்டியும் உள்ள என்ன பண்றீங்க?"ன்னு நக்கல் பண்றான். கைல எடுத்த மொளகா கைலயே இருக்குது. அந்த எருதோட கண்ணு கெடைக்கலை...

ஆத்திரந்தானுங். மனுசனுக்கு ஆத்திரம் வராதா? எமைய விரிச்சு... பழகுன கையி பாருங், அது பாட்டுக்குப் போயிருச்சு. மாட்டுக்கு வெக்கறதுல பாதிகூட இல்லீங்கக்கா. பாதிகூட இல்லை. சத்தியமா.

மாடு எந்திரிக்கலை. அவதான் எந்திரிச்சா.

எந்திரிச்சு, கண்ணு தெரியாம, மாட்டு மேல மோதி, லாரிப் பின்பலகைல இருந்து கீழ உழுந்தா. ஷெரீப்பு ஓடியாந்து, அவ வெச்ச அந்த டிரம்முலருந்தே தண்ணிய மோந்து மோந்து ஊத்துனான். ரோட்டுல இருந்தவனெல்லாம் வண்டியச் சுத்தி நின்னுக்கிட்டானுக. காய்கறி வண்டிக்காரன் அவனோட வண்டிய லாரிக்குக் குறுக்க நிறுத்திட்டான். டிரைவரு எறங்கி ஓடியே போயிட்டான். நான் அவளைத் தூக்கி ஊட்டுக்குள்ள கொண்டு போயிக் கதவைச் சாத்திட்டேன். ஊட்டு விசயம் ஊட்டுக்குள்ள இருக்கோணுமில்லீங்களா? ராத்திரி பூரா நான்தான் துணிய நனைச்சு ஒத்தி உட்டேன். ஒரு தடவை உட்டேன். அப்பறம் தூங்கிட்டேன், களைப்பு.

இப்பச் சொல்லுங், இதுல என்ற தப்பு எங்க இருக்குது? தொழிலைக் கெடுத்தது அவ. என்னையச் சந்தைல அடி வாங்க வெச்சது அவ. அப்படியும் கூட்டிட்டு வந்திருக்கறேன், பாத்தீங்களா? வேற ஒருத்தனா இருந்தா வருவானா?

என்னங்கக்கா, மூஞ்சி ஒருமாதிரி ஆயிப்போச்சு? உங்க மாமியாரு நல்லாத்தான் இருப்பாங்க, கவலைப்படாதீங்.

இருங்கிருங், நர்சம்மா வருது. ஏனுங்கம்மா, வசந்தாமணிக்கு எப்படி இருக்குது? ஆங்? ஒரு கண்ணு தேறிருமா? அப்ப இன்னொண்ணு? ...இப்பச் சொல்ல முடியாதா? சரிங். ஒரு கண்ணு போதுமுங்க, டீ ஆத்தறதுக்கு. நான் உள்ள வரட்டுங்களா? ஏன் வரக் கூடாது? நான் புருசனுங்கம்மா. அவ கேட்டுக்கிட்டாளா? அவளா? என்னைய உள்ள உடக் கூடாதுன்னு அவளா சொன்னா? ஏம்மா, நில்லுங், பேசிக்கிட்டிருக்கறப்பவே போனா எப்படி?

பாத்தீங்களாக்கா? உள்ள என்னமோ நடக்குது. அந்த டாக்டரம்மா நோண்டி நோண்டிக் கேட்டிருக்கும். நான் போயி ஒரு நிமிசம் அவ காதுல சொல்லிட்டு வந்துர்றேன். குழவி சமாச்சாரத்தை மாத்தோணும், மிக்சின்னு சொல்லச் சொல்லோணும். இல்லைன்னா முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டாச்சும் ஊட்டுக்குப் போயிர்றேன், வைத்தியமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

நகருங்கக்கா. நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்? அட, வழிய உடுங்கன்னா. உங்களுக்கும் அவளுக்கும் என்னங்க ஒறவு? உங்க மாமியாரைப் போயிப் பாருங். ஏனுங்கக்கா, கைய உடுங். உடுங்கன்னு சொல்றனல்ல. என்னங்க இது, பொம்பளையாட்டவே புடிக்கலையே. பால் கறக்கறவங்களா நீங்க? மணிக்கட்டு திரும்புதுங். ஏய், எல்லாரும் என்ன வேடிக்கை பாக்கறீங்க, இந்தம்மாவச் சொல்லுங்கப்பா! ஒருத்தனும் வர மாட்டேங்கறானே. ஐயோ, முறுக்காதீங். அக்கா, வலிக்குதுங். சாமி சத்தியமா வலிக்குது. ஆத்தா...

இருங். அவ குரலுங் அது. வசந்தாமணி. கதவுகிட்ட நிக்கறா பாருங், கண்ணுல கட்டுப் போட்டு. செவுத்தைத் தடவிக்கிட்டு எந்திரிச்சே வந்துட்டா.

கேட்டீங்களா? கேட்டீங்களாக்கா? "வலிக்குதுங்கறாரு, உட்டுருங்கக்கா"ன்னு சொல்றா. என்ன இருந்தாலும் பொண்டாட்டி! எனக்கு வலிச்சா அவளுக்குத் தாங்காது. இப்ப உடுங். அவளே சொல்லிட்டாளல்ல?

பொறவு என்னமோ சொன்னாளே, என்ன அது? "நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிட்டேன்"ங்கறா. யாருகிட்டடி? ஏ வசந்தாமணி, என்னத்தைடி சொல்லிட்டே? ஏனுங்கக்கா, நீங்களாச்சும் கேளுங், அவ என்னத்தைச் சொல்லிட்டா?